ஒரு மரவில்லுக்கு இத்தனை சட்டமா?

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கிய நம் யூனியன் செயலாளர், "வரதட்சணை, வேலையில்லாத் திண்டாட்டம், இளைஞர் சக்தி... இந்த மூணும் ஆளுக்கு ரெண்டு வந்துடுச்சு. வேற ஏதாவது எழுதுங்கப்பா" என்று கெஞ்சிவிட்டுப் போனார். சரி, வேறு ஏதாவது என்றால் வில். ஆமாம், வில் அம்பு என்கிறோமே, அந்த வில்தான். சிரித்து முடித்தவர்கள் மேலே படிக்கலாம்.

வில் என்றதும் பலருக்கு வல்வில் ஓரி ஞாபகம் வரும். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாகப் புறநானூறு சொல்லும் கொல்லிமலைத் தலைவன். அது ஊடுருவல் கணக்கு. நான் சொல்ல வந்தது தூரக் கணக்கு. இலக்குப் பலகை கிடையாது, வட்டம் கிடையாது, நடுவில் மஞ்சள் புள்ளி கிடையாது. யாருடைய அம்பு அதிக தூரம் போய் விழுகிறதோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் ஆட்டம். இதற்கு 'ஃப்ளைட் ஆர்ச்சரி' என்று பெயர்.

இந்த ஆட்டத்துக்கு இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பான்வில் உப்புச் சமவெளி என்று ஒன்று இருக்கிறது. கார் வேகச் சாதனைகள் நடக்கும் அதே இடம். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை, ஒரு புதர் கிடையாது. அங்கே போய் எய்கிறார்கள். நெவாடா, கலிபோர்னியா பக்கத்து வறண்ட ஏரிப் படுகைகளிலும் எய்திருக்கிறார்கள். 1987இல் டான் பிரவுன் என்பவர் கையால் இழுத்து விட்ட அம்பு 1,222 மீட்டர் போனது. அதற்கும் முன்னால், 1971இல், ஹாரி டிரேக் என்பவர் மல்லாந்து படுத்து, இரண்டு காலாலும் வில்லை உதைத்துப் பிடித்து, இரண்டு கையாலும் நாணை இழுத்து விட்டதில் 1,854 மீட்டர்! ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். ஒரு குச்சி! பெட்ரோல் இல்லை, மோட்டார் இல்லை.

இவையெல்லாம் எதையும் பயன்படுத்தலாம், எவ்வளவு பலமாகவும் இருக்கலாம் என்ற பிரிவுகள். கேட்க வாய் பிளக்கத்தான் செய்கிறது. ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது அந்த விதிப் பட்டியலின் அடிப்பகுதி. மரவில்லுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். கண்ணாடி இழை, கார்பன் இழை எதுவும் கிட்டே வரக்கூடாது. இயற்கையில் கிடைத்த பொருள் மட்டும். அதற்குள்ளும் வெறும் மரத்தில் செய்த வில் ஒரு வகுப்பு; மரத்தோடு கொம்பும் தசைநாரும் சேர்த்து ஒட்டிய வில் வேறு வகுப்பு. அப்புறம் இழுவிசை. 35 பவுண்டு, 50 பவுண்டு என்று வரம்பு கட்டி, எய்பவர் எந்த நீளத்து அம்பை எய்யப் போகிறாரோ அந்த நீளத்துக்கு வில்லை இழுத்து, தராசில் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். "சார், நான் இழுக்கும்போது 50தான் வரும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

தூரம் அளப்பதிலும் ஒரு நறுக்கு. எய்த இடத்திலிருந்து நேராக ஒரு கோடு. அம்பு பக்கவாட்டில் விலகி விழுந்தால், விழுந்த இடத்திலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அது வெட்டும் இடம் வரைதான் கணக்கு. காற்று தள்ளிக்கொண்டு போன பக்கவாட்டுத் தூரத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது.

இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு குச்சி, ஒரு கயிறு. இதற்குப் போய் இத்தனை சட்டமா? நல்ல சாமான் கையில் இருக்கும்போது மட்டமான சாமானில்தான் செய்யணும் என்று கட்டாயப்படுத்துவது என்ன நியாயம்? கார்பன் இழை வந்த பிறகு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? இப்படித்தான் நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அந்தச் சட்டங்களில் ஒன்றோடு எனக்கு இன்னும் சண்டை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் துருக்கிக்காரர்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. இஸ்தான்புல்லில் 'ஓக்மெய்தானி' என்று ஓர் இடம். பெயரின் பொருளே அம்பு மைதானம். 1453இல் அந்த நகரைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத் காலத்திலிருந்தே வில்லாளிகளுக்கு என்று ஒதுக்கிய வெளி. சாதனை படைத்தவரின் அம்பு விழுந்த இடத்தில் கல்வெட்டுத் தூண் நடுவார்கள். இன்று நகரம் பெருத்து வீடுகள் முளைத்துவிட்டாலும் சில தூண்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே ஒருவன் வில்லாளி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் சாட்சிகள் முன்னால் ஒரு குறிப்பிட்ட வகை அம்பை 900 கெஸ் தூரம் அனுப்ப வேண்டும். ஒரு கெஸ் 66 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 594 மீட்டர். அதைவிடக் கொஞ்சம் மந்தமான இன்னொரு வகை அம்புக்கு 800 கெஸ். அம்பின் வகை மாறினால் தூர அளவும் மாறும் என்பதை அன்றைக்கே சட்டமாக்கி வைத்திருந்தார்கள் பாருங்கள்! பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனில் துருக்கித் தூதரகச் செயலாளராக இருந்த மஹ்மூத் எஃபெண்டி என்பவர் ஆங்கிலேய வில்லாளிகள் முன்னால் 482 கெஜம், அதாவது 440 மீட்டர், எய்து காட்டினார். தங்கள் நெட்டை மரவில்லையே உலகம் என்று நினைத்திருந்த ஆங்கிலேயர்கள் வாயடைத்துப் போனார்களாம்.

துருக்கி வில் வெறும் மரமில்லை. நடுவில் மேப்பிள் மரம், உள்பக்கம் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் தசைநார். கொம்பு அமுக்கத்தைத் தாங்கும், தசைநார் இழுப்பைத் தாங்கும். இப்போது யோசியுங்கள்: அந்த வில்லையும் ஒரு மரவில்லையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும்? மரவில் முதல் நாளே செத்துப்போகும். இரண்டாம் ஆண்டு மரவில்லைக் கொண்டு வர ஆளே இருக்காது. மரத்தை எவ்வளவு தூரம் கொண்டு போகலாம் என்ற கேள்வியும் அதோடு செத்துப்போகும். பொருளுக்கு வேலி போட்டால்தான் அந்தப் பொருளைப் பற்றி யோசிக்க ஆள் கிடைக்கும். இதுதான் முதலில் எனக்குப் புரிந்தது. புத்தகம் படித்துப் புரிந்ததில்லை, கையைக் கிழித்துக்கொண்டு புரிந்தது.

போன ஆனி மாதம் ஊரில் மூங்கில் மண்டிக்குப் போனேன். "வில்லுக்கு ஒரு மூங்கில் வேணும் அண்ணே" என்றதும் அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தம்பி, கோயில் நாடகமா?" இல்லை, தூரம் எய்ய என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் நல்ல பருமனான ஒன்றை உருவிக் கொடுத்தார். "முத்தினது. ஆனா ஈரம் இருக்கும்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. மூங்கில் மரமா? தாவரவியல்காரரைக் கேட்டால் அது புல் என்பார். அப்படியானால் மரவில் பிரிவில் மூங்கில் வில்லுக்கு இடம் உண்டா? பிரிட்டனின் வில்வித்தைச் சங்கம் தன் நெடுவில் விதியில், இந்த விஷயத்தில் மூங்கிலை மரமாக ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கிறது. நம் நாட்டிலும் 'இந்தியன் ரவுண்ட்' என்ற போட்டிப் பிரிவே மூங்கில் வில்லை, மர வில்லை நம்பித்தான் நடக்கிறது. விதி எழுதுகிறவன் புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் பொருளைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் எழுதுவான். எனக்குப் பிடித்த வரி அது.

மூங்கிலைப் பிளந்தேன். 170 சென்டிமீட்டர் நீளம், நடுவில் 38 மில்லிமீட்டர் அகலம், சுவர்க் கனம் 12 மில்லிமீட்டர். மூங்கிலின் தோல் பக்கத்தில்தான் நார் நெருக்கமாக இருக்கும். ஆகவே தோல் வெளிப்பக்கம், எய்பவனுக்கு எதிர்ப்பக்கம், இழுபடும் பக்கம். அதைத் தொடவே கூடாது. செதுக்குவதெல்லாம் உள்பக்கம். கொடுவாள், அரம், உடைந்த கண்ணாடித் துண்டு, இவைதான் ஆயுதம். சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் வில்லை மாட்டி, நாணில் ஸ்பிரிங் தராசைக் கோர்த்துக் கயிற்றால் கீழே இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். வளையாத பக்கத்தில் கொஞ்சம் சுரண்ட வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும். இதற்கு 'டில்லரிங்' என்று பெயர். நம்ம ஊர் வயலில் ஓடும் டில்லர் இல்லை!

இடப்பக்கம் விறைப்பாக இருந்தது. சுரண்டினேன். இப்போது வலப்பக்கம் விறைப்பு. வலப்பக்கம் சுரண்டினேன். மறுபடி இடப்பக்கம். குரங்கு ஆப்பம் பங்கிட்ட கதைதான். 44 பவுண்டில் ஆரம்பித்தது 31 பவுண்டில் வந்து நின்றது. அதுவும் நிற்கவில்லை. ஈர மூங்கில் அல்லவா, நாணை அவிழ்த்த பிறகும் வில் நாலு அங்குலம் வளைந்தே நின்றது. உள்பக்கத்தில் குறுக்கே நெளிநெளியாகச் சின்னச் சின்ன மடிப்பு. அமுக்கம் தாங்காமல் நார் மடங்கிவிட்டது. மண்டிக்கார அண்ணன் சொன்ன இரண்டாவது வாக்கியம் அப்போதுதான் காதில் விழுந்தது.

இரண்டாவது பட்டையை ஹாஸ்டல் மெஸ்ஸில் அடுப்புக்கு மேலே பரணில் மூன்று வாரம் போட்டுவைத்தேன். மாஸ்டர் அண்ணன் இரண்டு முறை அதை விறகு என்று நினைத்து எடுத்துவிட்டார். மூன்றாவது வாரம் கையில் தூக்கியபோதே எடை குறைந்தது தெரிந்தது; தட்டினால் 'டங்' என்றது. இந்த முறை பொறுமையாகச் செதுக்கினேன். 26 அங்குல இழுப்பில் 38 பவுண்டு. நாண் அவிழ்த்தால் வளைவு ஓர் அங்குலம்கூட இல்லை.

எங்கே எய்து பார்த்தாய் என்று கேட்பீர்கள். நம் கல்லூரி மைதானத்தில் இல்லை. தயவுசெய்து யாரும் அங்கே முயற்சி செய்யாதீர்கள். மதிலுக்கு அப்பால் மெயின் ரோடு. எங்கள் ஊரில் கோடையில் வறண்டுகிடக்கும் ஏரியில், சித்தப்பா மகனைக் கரைமேல் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஆடு மாடு இல்லாத நேரம் பார்த்து எய்தேன். 22 கிராம் அம்பு. அளவு நாடாவை மடக்கி மடக்கி அளந்ததில் 158 மீட்டர். பான்வில்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, கரைமேல் இருந்தவன் விசிலடித்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், இரண்டாம் ஆண்டில் படித்ததுதான். வில்லில் சேரும் சக்தி முழுவதும் அம்புக்குப் போவதில்லை. வில்லின் கைகளும், நாணும் சேர்ந்து ஓடுகின்றனவே, அவையும் பங்கு கேட்கும். இதை அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் ஒரு தந்திரமாகச் சொன்னார்: அம்போடு கூட ஒரு பொய் எடை ஒட்டிக்கொண்டு போவதாக வைத்துக்கொள். உதாரணத்துக்கு, 50 பவுண்டு வில்லில் அரை மீட்டர் இழுப்பில் சுமார் 55 ஜூல் சேர்கிறது. அம்பு 20 கிராம், பொய் எடை 10 கிராம் என்றால் வேகம் விநாடிக்கு 61 மீட்டர். சரி, அம்பை 10 கிராமாகப் பாதியாக்கினால்? 74 மீட்டர்தான். எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. ஏனென்றால் பொய் எடை அப்படியே இருக்கிறது. இப்போது அம்பைத் தொடாமல், வில்லின் நுனிகளை இழைத்துப் பொய் எடையை 10இலிருந்து 5 கிராமாக்கினால்? 86 மீட்டர்! காற்றே இல்லை என்று வைத்துப் பார்த்தால் தூரம் 374 மீட்டரிலிருந்து 561, அதிலிருந்து 747. காற்று இதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அது வேறு கதை. ஆனால் பாடம் என்ன? ரகசியம் நுனியில் இருக்கிறது.

நான் போய் இரண்டு நுனியிலும் கடைசி ஒரு சாண் நீளத்துக்கு அரத்தால் ஒல்லியாக்கினேன். இழுவிசை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மறுநாள் அதே ஏரியில், அதே அம்பு 174 மீட்டர். காற்றும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை.

கவனியுங்கள், எந்த விதியும் நுனியை இப்படிச் செய், அப்படிச் செய் என்று எனக்குச் சொல்லவில்லை. பொருளுக்கு வேலி, பலத்துக்குத் தராசு, தூரத்துக்கு நாடா. நடுவில் முழுக்க நம் மூளைக்கு விட்டுவிட்டார்கள். கார்பன் இழை அனுமதித்திருந்தால் நான் காசு கணக்குப் பார்த்திருப்பேன், கிராம் கணக்குப் பார்த்திருக்க மாட்டேன்.

இப்போது அந்தச் சண்டைக்கு வருவோம். பிரிட்டனில் 'லாங்போ' என்ற நெடுவில்லுக்கு ஒரு வடிவ விதி உண்டு. வில்லின் எந்த இடத்தில் அளந்தாலும் அதன் கனம், அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக்கூடாது. நீளமும் ஐந்து அடிக்குக் குறையக்கூடாது; 27 அங்குலமோ அதற்கு மேலோ நீளமான அம்பு என்றால் ஐந்தரை அடி. பழைய ஆங்கிலேய வில் 'டி' எழுத்து போலப் பருத்த குறுக்குவெட்டு கொண்டது. அதைக் காப்பாற்றத்தான் இந்த விதி.

நம் பாடத்தை எடுத்துவைத்துப் பாருங்கள். எம் பை ஐ, எஃப் பை ஒய், ஈ பை ஆர். ஒரே வளைவுக்குத் தகைவு கனத்தோடு ஏறும். விறைப்போ கனத்தின் மூன்றடுக்கோடு ஏறும். கணக்கு எளிதாக இருக்கச் செவ்வகமாகவே வைத்துக்கொள்வோம். 30 மில்லிமீட்டர் அகலத்தில் எட்டில் ஐந்து என்றால் கனம் 18.75. அதே விறைப்பை 50 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் கொண்டுவர 15.8 மில்லிமீட்டர் கனம் போதும். தகைவு நூற்றுக்குப் பதினாறு பங்கு குறைகிறது. உடையும் மரம் உடையாது. ஆனால் பட்டை அகலமாவதால் எடை ஏறும், அதையும் மறைக்கக்கூடாது. ஆகவே பிடிக்குப் பக்கத்தில் அகலம், நுனியில் ஒல்லி என்று போவது புத்திசாலித்தனம். 1930களில் கிளாப்ஸ்டெக்கும், பெல் ஆய்வகத்து ஹிக்மேனும் இந்த வழியில்தான் போனார்கள். தட்டை வில் பழைய 'டி' வில்லைவிட மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் அந்த எட்டில் ஐந்து விதி யாருக்கு வசதி? 'யூ' மரத்துக்கு. வெளிப்பக்கம் வெள்ளை மரம் இழுப்பைத் தாங்கும், உள்பக்கம் செந்நிற வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இயற்கையே ஒட்டிக்கொடுத்த இரட்டைப் பொருள். அது பருத்த வடிவிலும் உடையாமல் வளையும். மற்ற மரத்துக்கெல்லாம் அந்த விதி அபராதம் போடுகிறது. என் மூங்கிலைப் பாருங்கள்: 38 அகலம், 12 கனம். எட்டில் ஐந்து வேண்டுமானால் 24 மில்லிமீட்டர் கனம் வேண்டும். சுவரே 12தானே ஐயா! ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால்தான் வரும். மூங்கிலை மரமாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, ஒற்றைப் பட்டையில் செய்கிறவனிடமிருந்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது. வடிவத்தை ஆள்வதாகச் சொல்லும் விதி சத்தமில்லாமல் மரத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது. இதுதான் எனக்கு ஒப்பவில்லை.

"அந்த விதியை எடுத்துவிட்டால் நெடுவில் என்ற ஒன்றே இருக்காதே" என்று என் அறைத் தோழன் மடக்கினான். நியாயம்தான். ஒரு வருஷத்தில் எல்லோரும் தட்டை வில்லைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதனால் நெடுவில் என்ற பெயருக்குள் அந்த விதி இருந்துவிட்டுப் போகட்டும், பழைய பொருளைக் காப்பாற்றும் காட்சிசாலை போல. ஆனால் மரவில் என்ற பொதுப் பெயருக்குள் எந்தக் காரணம் கொண்டும் வடிவத்தைக் கட்டக்கூடாது. எதில் செய்தாய், எவ்வளவு பலம் என்று கேள். எப்படி இருக்கணும் என்று சொல்லாதே. இது என் கட்சி.

சரி, இதற்கும் நம் மலருக்கும் என்ன சம்பந்தம்? மலர்க் குழு என் பெயரைப் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதால் சொல்கிறேன்.

நான் ஹாஸ்டலில் வில் செதுக்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் எங்கள் குழுவின் ப்ராஜெக்ட் டவுனில் ஒரு கடையில் தயாராகிக்கொண்டிருந்தது. ஆறு பேர், ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தோம். தானாக முன்னால் வந்து நிற்கும் நியூமாட்டிக் பம்பர். பெயின்ட் வாசனை போகாத இரும்பு பிரேம், ரிப்போர்ட்டோடு சேர்த்து. போன வருஷமும் இதே பம்பர் இதே பச்சைக் கலரில் வந்ததாகச் சீனியர்கள் சொன்னார்கள்.

முதல் ரெவ்யூவில் கைடு சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சிலிண்டர் போர் எவ்வளவுப்பா? ஏன் அந்த சைஸ் எடுத்தீங்க?" ஆறு பேரும் ஆறு திசையில் பார்த்தோம். நான் மட்டும் வாயைத் திறந்தேன்: "கடையில அதுதான் இருந்தது சார்." சிரிப்பு. சார் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட்ல எழுத்து சைஸ் சரியா இருக்கு. அடுத்த டீம்" என்றார்.

அந்த வாக்கியம்தான் என்னைக் குடைகிறது. நம் ப்ராஜெக்டுக்கு எத்தனை விதி இருக்கிறது பாருங்கள். எழுத்து அளவு 12. வரி இடைவெளி ஒன்றரை. அட்டை இந்தக் கலர். அத்தியாயம் இத்தனை, வரிசை இப்படி. சான்றிதழ்ப் பக்கம் எங்கே வர வேண்டும் என்பதற்குக்கூட விதி. எல்லாம் எட்டில் ஐந்து வகை! வடிவத்துக்குப் போட்ட விதி. உள்ளே இருக்கும் இரும்பை எடுத்துத் தராசில் வைக்கிற விதி ஒன்றுகூட இல்லை. 38 பவுண்டு மூங்கில் குச்சியின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏன் அப்படி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். முப்பது கிலோ பம்பரில் ஒரு போல்ட் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாது. இரண்டில் எதற்கு எனக்கு டிப்ளமா தரப்போகிறார்கள்?

வாங்குகிறவனை மட்டும் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை, அதையும் சொல்லணும். நாலு லேத்தில் இரண்டுதான் ஓடுகிறது. ஒர்க்‌ஷாப் நாலரை மணிக்குப் பூட்டுகிறார்கள். நம்மில் பாதிப் பேர் மாலையில் எங்கேயாவது வேலைக்குப் போகிறோம். கடைக்காரரும் வயிற்றுப்பாட்டுக்குத்தான் செய்கிறார். சொல்லப்போனால் நம் ஆறு பேரைவிட அவருக்குத்தான் டிப்ளமா பொருந்தும். ஆனாலும் சும்மா நிற்கும் இரண்டு லேத்தும் வேண்டாத ஒரு வேலை இருக்கிறது. கொடுவாளும் அரமும் தராசும் போதும். அதைத்தான் யூனியனிடம் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டு டெக்னிக்கல் விழாவில் மரவில் போட்டி ஒன்று வையுங்கள். மூங்கிலோ மரமோ மட்டும், ஒட்டுப்பலகை, பி.வி.சி. குழாய் ஆகாது. 26 அங்குல இழுப்பில் 40 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. எல்லோர் முன்னாலும் தொங்கு தராசில் எடை. வடிவம் அவரவர் இஷ்டம். அம்பு நாம் கொடுப்போம், எல்லோருக்கும் ஒரே 25 கிராம் அம்பு. தூரம் எய்ய இடமில்லையே? வேண்டாம். மூன்று கிலோ களிமண் பெட்டி ஒன்றை இரண்டு மீட்டர் கயிற்றில் தொங்கவிடுங்கள். பின்னால் ஒர்க்‌ஷாப் சுவர், பக்கத்தில் யாரும் இல்லை. விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அம்பு தைத்தால் பெட்டி சுமார் 17 சென்டிமீட்டர் பின்னால் போகும். பின்னால் ஒரு ஸ்கேலும் நகரும் அட்டையும் போதும். அதிகம் தள்ளிய வில் ஜெயித்தது. அம்பு கோர்க்காமல் நாணை இழுத்து விடுபவர் அப்போதே வெளியே. அந்தச் சக்திக்குப் போக்கிடம் இல்லாமல் வில்லே சிதறும், முகத்தில் அடிக்கும்.

கடைசியாக நானாகச் சேர்க்கும் ஒரு விதி. எடை போட்டு முடிந்ததும் நடுவர் ஓர் அரத்தைக் கொடுத்து, "இரண்டு பவுண்டு குறைச்சுக் காட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையணும்" என்று சொல்ல வேண்டும். அரை மணி நேரம். செய்தவனுக்கு எங்கே சுரண்டுவது என்று தெரியும். வாங்கி வந்தவன் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு திசையில் பார்ப்பான், நாங்கள் பார்த்த மாதிரி.

பரணில் காய்ந்த பட்டை இன்னும் மூன்று இருக்கிறது. மெஸ் மாஸ்டர் அண்ணனிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார், விறகு இல்லை என்று இப்போது அவருக்கே தெரியும். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் தராசு மட்டும் இரவல். திங்கட்கிழமைக்குள் ஃபிசிக்ஸ் லேப்பில் திருப்பி வைத்தாகணும்.